சதமா, ரூபாவா? கணனிச் சிட்டையை முதலாளியும் வாசிக்க வேண்டும்

வியாபாரிகளாகிய எமக்குத் துண்டுச் சிட்டை புதிதல்ல. புறக்கோட்டையில் மொத்தக் கடையொன்றின் களஞ்சியத்துக்குள் வெளியாரை விடமாட்டார்கள். முன்னால் இருக்கும் மேசையில் சிட்டையைக் கொடுத்தால், கணக்கப்பிள்ளை பார்த்து, சாமான் இருக்கிறதா, என்ன விலை என்று இன்னொரு சிட்டையில் எழுதித் தருவார். எமது பிள்ளைகள் இன்று 'ஏபிஐ, ஏபிஐ' என்று சொல்லிக்கொண்டிருப்பது இந்த மேசையைத்தான். களஞ்சியம் மட்டும் புறக்கோட்டையில் இல்லை. வெளிநாடொன்றில் உள்ள பெரிய கணனிக் கூடத்தில் இருக்கிறது. அதைத்தான் கிளவுட் என்கிறார்கள். மேசையில் கொடுத்து வாங்கும் சிட்டைக்கு ஜேசன் என்று பெயர். சிட்டையைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் கடைப் பையன்தான் ஸ்கிரிப்ட். அதைப் பெரும்பாலும் பைத்தன் என்ற மொழியில் எழுதுகிறார்கள்.

எமது மின்சாதனக் கடைக்கு இந்தப் பையன் வந்தது 2022 ஆம் ஆண்டில். அந்த வருடம் மார்ச் மாத ஆரம்பம் வரை 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர், மே மாதமளவில் 360 ரூபாவுக்குக் கிட்டப் போனதை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். காலையில் எழுதிய விலைப் பட்டியல் பின்னேரம் செல்லாது. அப்போதுதான் தங்கையின் மகன், "மாமா, டொலர் விலையைத் தாற ஒன்லைன் சேவை இருக்கு. சின்ன ஸ்கிரிப்ட் ஒண்டு எழுதினா, ஒவ்வொரு நாள் காலைலயும் அதுவே விலையை எடுத்து எங்கட பட்டியலை மாத்திடும்" என்றார். எழுதியும் தந்தார். அது ஒழுங்காக வேலை செய்தது. அந்தத் தைரியத்தில் கடைக்கு இணையத்தளம் போட்டு, காட் மூலம் பணம் வாங்கும் சேவையொன்றையும் இணைத்தோம். அடி விழுந்தது அங்கேதான்.

அதைச் சொல்லுமுன் சிட்டையைப் பார்ப்போம். ஜேசன் சிட்டை இப்படித்தான் இருக்கும்:

{"பொருள்": "மேசை மின்விசிறி", "விலை": 12500, "நாணயம்": "ரூபா", "இருப்பு": 14}

இவ்வளவுதான். இடப்பக்கம் தலைப்பு, நடுவில் முக்காற்புள்ளி, வலப்பக்கம் விபரம். எமது பேரேட்டைவிட இலகு. டக்ளஸ் குரொக்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் 2000களின் ஆரம்பத்தில் இதைப் பரப்பினார். அதுவரை எக்ஸ்எம்எல் என்ற, எழுதவும் வாசிக்கவும் சிக்கலான முறையே கோலோச்சியது. இன்று வங்கி, கூரியர், காலநிலை என்று எந்த மேசைக்குப் போனாலும் அநேகமாக ஜேசன்தான். பைத்தன் மொழியில் இதை வாசிக்கும் கருவி 2008 முதல் கூடவே வருகிறது, தனியாகக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

மேலே உள்ள சிட்டையில் ஒன்றைக் கவனியுங்கள். மின்விசிறி என்பதற்கு மேற்கோள்குறி உண்டு, 12500 க்கு இல்லை. மேற்கோள்குறி இருந்தால் அது எழுத்து, இல்லாவிட்டால் எண். சின்ன விடயமாகத் தெரியும். ஆனால் 250 என்ற விலையை யாரோ மேற்கோள்குறிக்குள் போட்டு அனுப்பியிருக்க, அப்படி இரண்டு விலைகளைக் கூட்டும்படி பைத்தனிடம் சொன்னால், விடை 500 அல்ல, 250250. இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவது போல ஒட்டிவிடும். அது பிழை என்றும் சொல்லாது.

மறுபுறத்தில், எண் போல் தெரிந்தாலும் எண்ணாக எழுதக்கூடாதவையும் உண்டு. எமது கைத்தொலைபேசி இலக்கங்கள் பூச்சியத்தில் தொடங்குபவை. ஜேசனில் எண்ணொன்றின் முன்னால் பூச்சியம் வைக்க அனுமதியில்லை. எண்ணாக மாற்றினால் முதற் பூச்சியம் போய்விடும், கூரியர்காரர் யாருக்கு அழைப்பது? அதனால் தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பில் இலக்கம் எல்லாம் மேற்கோள்குறிக்குள்தான் இருக்க வேண்டும். கூட்டிக் கழிக்காத எதையும் எண்ணாக வைக்காதீர்கள். டுவிட்டர் நிறுவனத்துக்கே இந்தத் தொல்லை வந்தது. அவர்களுடைய பதிவு இலக்கங்கள் நீண்டு போக, ஜாவாஸ்கிரிப்ட் மொழி கடைசி இலக்கங்களைப் பிழையாக வாசிக்கும் நிலை ஏற்பட்டது. 2010 இல் அதே இலக்கத்தை எழுத்தாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கினார்கள்.

இப்போது எமது மின்விசிறிக் கதை. விலை 12,500 ரூபா. பட்டியலிலிருந்த 12500 ஐ ஸ்கிரிப்ட் அப்படியே எடுத்துப் பணம் வாங்கும் சேவைக்கு அனுப்பியது. மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் ஐந்து ஓடர். ஒரு நாளைக்கு ஒன்று போவதே பெரிய காரியமாக இருந்த காலம். சந்தோசமாகத்தான் இருந்தது. வங்கிக் கணக்கைப் பார்த்தபோது ஒவ்வொன்றுக்கும் 125 ரூபா!

மருமகனை அழைத்தேன். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மாமா, அவங்க சதத்துல கேக்குறாங்க. நான் ரூபாவுல அனுப்பிட்டன்."

12500 சதம் என்றால் 125 ரூபா. சேவையின் வழிகாட்டிப் பக்கத்தில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. பிழை எம்முடையது. மூன்று சாமான்கள் இன்னும் கடையில்தான் இருந்தன. வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிப் பணத்தைத் திருப்பினோம். இரண்டு கூரியரில் போய்விட்டன. ஒருவர் அன்றே மிகுதியை அனுப்பினார். மற்றவர், "நானா, பேங்க் மெசேஜ்ல 125 எண்டுதானே இருக்கு" என்றார். இணையத்தளத்தில் அவர் பார்த்த விலை 12,500 என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 12,375 ரூபாவுக்காக ஒரு மனிதரோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது? விட்டுவிட்டேன். மருமகன் தன் பணத்திலிருந்து தருவதாகச் சொன்னார். வாங்கவில்லை. வழிகாட்டியை அவர் வாசிக்கவில்லை என்றால், வாசித்தாயா என்று நானும் கேட்கவில்லையே.

இவ்வாறு சிறிய நாணய அலகில் கேட்பது அந்த ஒரு சேவையின் வழக்கமல்ல. உலகமறிந்த ஸ்ட்ரைப் போன்ற சேவைகளும் அப்படித்தான். காரணமும் இருக்கிறது. கணனி தசமங்களைத் தன் உள்முறையில் சரியாக வைத்திருக்க முடியாமல் தடுமாறும். 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டச் சொன்னால் பைத்தன் 0.30000000000000004 என்று விடை தரும். ஆயிரக்கணக்கான பில்களில் இது சேர்ந்தால் மாதக் கணக்கு ஒரு சதம், இரு சதம் இடிக்கும். கணக்காளர் தலையைச் சொறிவார். முழுச் சதங்களாக வைத்தால் தசமமே வராது. தசமம் கட்டாயம் தேவை என்றால் பைத்தனில் 'டெசிமல்' என்று ஒரு முறை உண்டு, அதைப் பாவிக்கச் சொல்லுங்கள். வளைகுடாவோடு வியாபாரம் செய்வோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். குவைத் தினாருக்கு 100 அல்ல, 1000 ஃபில்ஸ். ஜப்பானிய யென்னுக்குச் சில்லறையே இல்லை. எல்லாவற்றையும் 100 ஆல் பெருக்கும் ஸ்கிரிப்ட் அங்கே போய் மாட்டும்.

இணைய இணைப்பு அறுந்தால் என்ன நடக்கும் என்றும் கேளுங்கள். ஸ்கிரிப்ட் சிட்டையைக் கொடுத்துவிட்டது, மேசையில் பணமும் எடுத்துவிட்டார்கள், பதில் சிட்டை வரும் வழியில் தொலைந்துவிட்டது. பையன் என்ன செய்வான்? திரும்பப் போய்க் கொடுப்பான். வாடிக்கையாளரிடம் இரு தடவை பணம் போகும். இதைத் தடுக்க, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி இலக்கமொன்றைச் சேர்த்து அனுப்பும் வசதி நல்ல சேவைகளில் உண்டு. அதே இலக்கம் மறுபடி வந்தால் இரண்டாம் தரம் பணம் எடுக்கமாட்டார்கள்.

மேசைக்குப் போகும் பையனிடம் கடையின் முத்திரையும் இருக்கிறது. அதை ஏபிஐ சாவி என்பார்கள். அதை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதிவைத்து, ஸ்கிரிப்ட்டைப் பலரும் பார்க்கும் கிட்ஹப் போன்ற இடத்தில் போட்டுவிடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சிதறிக் கிடக்கும் சாவிகளைத் தேடி எடுப்பதற்கென்றே ஆட்கள் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறார்கள். சாவி ஸ்கிரிப்ட்டுக்கு வெளியே, தனி இடத்தில் இருக்க வேண்டும். வேலைக்கு இருந்த பிள்ளை விலகிப் போனால், கடைப் பூட்டை மாற்றுவது போல இதையும் மாற்றிவிட வேண்டும்.

ஸ்கிரிப்ட்டில் எந்த மாற்றம் செய்தாலும், இப்போது நான் என் சொந்தக் காட்டினால் ஒரு பொருளை வாங்கி, வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸைப் பார்க்கிறேன். சதம் இல்லாத விலையில் எல்லாப் பிழையும் தெரியவராது. அதனால் இன்சுலேஷன் டேப் ஒன்றை இதற்கென்றே 101 ரூபா 50 சதத்துக்குப் பட்டியலில் வைத்திருக்கிறோம். பையன் அதைச் சரியாக 10150 என்று எழுதிக் கொடுத்தால்தான் அன்று கடை திறக்கும்.