உள்ளானின் இருதயம் ஏன் களைப்பதில்லை?

பங்குனி, சித்திரையில் கட்டுக்கரைக் குளத்து நீர் இறங்க இறங்க, கரையோரச் சேற்றிலும் வங்காலைச் சதுப்பிலும் உள்ளான் பறவைகள் ஓயாமல் கொத்தித் தின்கின்றன. அவற்றில் மிகச் சிறியது கொசு உள்ளான். எடை 25 கிராம் அளவு. முட்டையிட அது போய்ச்சேர வேண்டிய இடமோ வடதுருவத்தை ஒட்டிய சைபீரியத் தரை.

இவ்வளவு தூரம் பறக்கும் பறவையின் இருதயம் களைத்துப்போகாதா?

இருதயத் தசைக்குப் பெரிய கையிருப்பு கிடையாது. அதை இயக்கும் ஏடிபி மூலக்கூறு சில நொடிகளுக்கே போதும். மனித இருதயமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிலோ ஏடிபியை ஆக்கி ஆக்கிச் செலவழிக்கிறது. இதற்கு எரிபொருள் பெரும்பாலும் கொழுப்பமிலம். கொழுப்பு நீரில் கரையாதே! அதை ஏற்றி உயிரணுவுக்குள் அக்கரை சேர்க்கும் தோணியாக ஒரு புரதம் இருக்கிறது. இருதயத்தில் மிகுந்திருக்கும் அந்தப் புரதம் பறவைகளின் பறத்தல் தசையிலும் உண்டு. அமெரிக்க உள்ளானொன்றில் வலசைக் காலத்தில் அது 70 வீதம் கூடுவதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்த எரிபொருளைக் கண்ணாலும் பார்க்கலாம். ஆய்வுக்காகப் பறவைகளின் காலில் வளையம் மாட்டுவோர் பறவையைக் கையில் பிடித்து, கழுத்தடி இறகுகளை வாயால் ஊதி விலக்குவார்கள். மெல்லிய தோலுக்கடியில் மஞ்சளாகத் திரண்டு தெரியும் கொழுப்புத்தான் பயணச் செலவு.

எந்தக் கொழுப்பு என்பதிலும் விஷயம் இருக்கிறது. கொசு உள்ளானின் நெருங்கிய உறவினம் ஒன்று கனடாவின் ஃபண்டி விரிகுடாச் சேற்றில் இறால் போன்ற சிற்றுயிர்களைத் தின்று, இரண்டு கிழமையில் 20 கிராமிலிருந்து 40 கிராமாகும். பிறகு மூன்று நாள் இறங்காமல் 4,500 கிலோமீற்றர் பறந்து தென்னமெரிக்கா சேரும். அந்த இரையில் ஒமேகா-3 கொழுப்பமிலம் ஏராளம். ஒட்டாவா பல்கலைக்கழகத்தார் அந்தக் கொழுப்பமிலத்தையே கூட்டில் வளர்த்த காடைகளுக்கு ஆறு கிழமை ஊட்டினார்கள். எந்தப் பயிற்சியும் செய்யாத அந்தச் சோம்பேறிகளின் பறத்தல் தசையில், எரிபொருளை எரிக்கும் திறன் 58 முதல் 90 வீதம் வரை உயர்ந்தது.

உடனே மீன் எண்ணெய்க் குளிசை வாங்க ஓட வேண்டாம். இருதயம் பலவீனமான ஏறத்தாழ 7,000 இத்தாலிய நோயாளரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2008இல் வந்தது. தினம் ஒரு கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களில் ஏறத்தாழ 27 வீதத்தினர் இறந்தார்கள். எடுக்காதவர்களில் ஏறத்தாழ 29 வீதம். அதாவது 56 பேர் ஏறத்தாழ நான்கு ஆண்டு விழுங்கினால் ஒரு மரணம் தவிரும். அதுவும் வழக்கமான மருந்துகளை விடாமல் எடுத்துக்கொண்டே.