அபேட்சகர் இங்கே, பணப்பெட்டி அங்கே!

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் என்பது ஒரு தேர்தல் அல்ல, இரண்டு. நவம்பரில் கட்சிக்கும் கட்சிக்கும் நடப்பது ஒன்று. அதற்கு முன்னால், ஒரே கட்சிக்குள் 'நீயா, நானா' என்று நடப்பது மற்றொன்று. இதற்குப் 'பிரைமரி' என்று பெயர். வீட்டுச் சண்டைதானே, காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும் என்கிறீர்களா? பங்காளிச் சண்டை எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா!

சண்டைக்குப் பணம் வேண்டும். ஓர் ஆசாமி ஓர் அபேட்சகருக்குக் கொடுக்கும் நன்கொடைக்குச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. 2012-ல் அது பிரைமரிக்கு 2,500 டாலர். கோடீசுவரரானாலும் சரி, குமாஸ்தாவானாலும் சரி, அதற்கு மேல் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2010-ல் ஸுப்ரீம் கோர்ட், 'சிட்டிஸன்ஸ் யுனைடெட்' வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. அபேட்சகரோடு கலந்துகொள்ளாமல் தனியே பிரசாரத்துக்குச் செலவழிக்கும் கம்பெனிகளையும் சங்கங்களையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். இரண்டே மாதத்தில் வாஷிங்டன் அப்பீல் கோர்ட், அப்படிச் செலவழிக்கும் குழுவுக்கு யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றது. பிறந்தது 'சூப்பர் பாக்'! முக்கிய நிபந்தனை: அந்தச் செலவைப் பற்றி அபேட்சகரும் குழுவும் கலந்து பேசக் கூடாது.

பேசாமல் எப்படி நடக்கும்? குழுவை நடத்துகிறவர் பல சமயம் அபேட்சகரிடம் முன்பு வேலை பார்த்தவராக இருப்பார். எஜமானின் முகக் குறிப்பு அவருக்குத் தெரியாதா, என்ன?

2011 டிசம்பரில் ரிபப்ளிகன் கட்சிப் போட்டியில் நியூட் கிங்ரிச் முன்னணியில் இருந்தார். மிட் ராம்னியின் பழைய சகாக்கள் நடத்திய 'ரெஸ்டோர் அவர் பியூச்சர்' என்ற குழு, அயோவா ராஜ்யத்து டெலிவிஷனில் அவரை வறுத்து எடுத்துவிட்டது. ஜனவரி 3-ந் தேதி ஓட்டெடுப்பில் கிங்ரிச்சுக்கு நாலாவது இடம்! ராம்னியோ தம் கையில் கறை படாமல் புன்னகையுடன் நின்றார்.

கிங்ரிச்சுக்கும் ஒரு குபேரர் கிடைத்தார். லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளின் அதிபர் ஷெல்டன் ஆடெல்ஸன், கிங்ரிச்சை ஆதரித்த குழுவுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தார். சில நாளில் அவர் மனைவி இன்னொரு 50 லட்சம். அந்தக் குழு, ராம்னியின் பழைய கம்பெனியால் வேலை இழந்தவர்களைப் பேசவைத்து, ஏறக்குறைய அரை மணி நேரப் படம் ஒன்றைக் கிளப்பிவிட்டது. படத்தில் தப்புகள் இருப்பதாகப் பத்திரிகைகள் சொல்லவே, கிங்ரிச் "தப்பைத் திருத்துங்கள், அல்லது படத்தை நிறுத்துங்கள்" என்று ஊரறிய வேண்டுகோள் விட்டார். தமக்காக ஓடும் படத்தை நிறுத்தத் தாமே பத்திரிகை மூலம் மனுப் போடவேண்டும்! எப்படி இருக்கிறது கூத்து? தென் கரோலினாவில் ஜெயித்தார், புளோரிடாவில் தோற்றார், மே மாதம் விலகிக்கொண்டார்.

பணம் இருந்தால் ஜெயம் நிச்சயம் என்றும் இல்லை. 2015-ல் ஜெப் புஷ், போட்டியிடப் போவதாக அறிவிக்காமலே, ஒரு குழுவுக்காக ஊர் ஊராகப் பணம் திரட்டினார். அறிவிக்காதவரை அவர் அபேட்சகர் அல்லவே! ஆறு மாதத்தில் 10 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அடுத்த பிப்ரவரியில் அவர் வீடு திரும்பியபோது கையில் இருந்தவர்கள் நாலே நாலு பிரதிநிதிகள். 2024-ல் டிஸாண்டிஸுக்காக ஒரு குழு வீடு வீடாக ஆள் அனுப்பிற்று. அயோவாவில் அவருக்கு 21 சதவிகிதம், டிரம்புக்கு 51.

"பிறகென்ன, பணக்காரர் பணம்தானே கரைகிறது?" என்று விட்டுவிடலாமா? அயோவாவில் அந்த வசை மாரியைக் கேட்ட குடியானவர், 'இதற்குக் காசு கொடுத்தது யார்?' என்று கேட்டிருந்தால் அவருக்கு முழுப் பதில் கிடைத்திராது. ராம்னி கோஷ்டிக் குழு, 2011 டிசம்பர் வரைக்குமான நன்கொடைப் பட்டியலைக் கொடுக்கவேண்டிய கெடு 2012 ஜனவரி 31. அதற்குள் அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், தென் கரோலினா மூன்றும் ஓட்டுப் போட்டு முடித்திருந்தன. புளோரிடாக்காரர்கள் அன்றைக்குத்தான் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.