பழைய லேப்டாப்பில் 'டைலிங்' லினக்ஸ்: ஐ3-யா, ஸ்வே-யா? தமிழில் டைப் செய்பவர்கள் எதைத் தேர்வு செய்யலாம்?

செங்கல்பட்டு, திருப்போரூர், மாமல்லபுரம் பக்கம் பிளஸ் டூ படித்தவர்கள் இருக்கும் பல வீடுகளில் அலமாரிக்கு மேலே ஒரு அரசு லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கும். 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது அது. அந்தத் திட்டத்தின் தொடக்க கால லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. பெரும்பாலானவர்கள் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது வேறு கதை.

இப்போது அந்தப் பக்கம் திரும்ப ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு குறைந்தது 4 ஜிபி ரேமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய லேப்டாப்பில் அதற்கு வழியில்லை. 'லினக்ஸ் போடு, கூடவே டைலிங் விண்டோ மேனேஜர் போடு, பறக்கும்' என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது உண்மையா? வாங்க, பார்க்கலாம்.

அது என்ன டைலிங்?

நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் கணினியில் ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். மேசையில் காகிதங்களைப் போட்டுவைத்த மாதிரி. அடியில் இருப்பதைத் தேடி எடுக்க மவுஸ் வேண்டும்.

டைலிங்கில் அப்படி இல்லை. தரையில் டைல்ஸ் பதிப்பதுபோல ஜன்னல்கள் பக்கம் பக்கமாக உட்காரும். முதல் ஜன்னல் திரை முழுக்க வரும். இரண்டாவது திறந்தால் ஆளுக்குப் பாதி. செஸ் பழகும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் பலகை, வலது பக்கம் ஆட்டக் குறிப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும், எதையும் இழுத்து நகர்த்த வேண்டாம். எல்லாமே கீபோர்டில்தான்.

இது ஏதோ புதுசு என்று நினைக்க வேண்டாம். 1985-ல் வந்த விண்டோஸ் 1.0-லேயே ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது, பக்கத்தில்தான் நிற்கும். 1987-ல் விண்டோஸ் 2.0 வந்த பிறகுதான் மேலே ஏற ஆரம்பித்தன.

போட்டால் லேப்டாப் பறக்குமா?

கொஞ்சம் லேசாகும், அவ்வளவுதான். க்னோம் போன்ற முழு டெஸ்க்டாப் எழுந்து உட்காரவே ஏறக்குறைய ஒரு ஜிபி ரேம் கேட்கும். ஐ3 போன்ற டைலிங் மேனேஜர் சில நூறு எம்பியில் முடித்துக்கொள்ளும். 2 ஜிபி ரேம் உள்ள மெஷினில் இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். உண்மையைச் சொன்னால், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுவதுதான் வேகத்துக்கு முதல் மருந்து. டைலிங் அடுத்ததுதான்.

இன்னொரு விஷயம்: உங்கள் ப்ராசஸர் 64 பிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலர் கிடையாது.

சரி, எதைத் தேர்வு செய்வது?

பெயர்ப் பட்டியல் நீளம். டி.டபிள்யூ.எம், எக்ஸ்மோனாட், ஆசம், கியூடைல், ஐ3, ஸ்வே, ஹைப்பர்லேண்ட், நிரி என்று போய்க்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் இருக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் 'எந்த மொழியில் செட்டிங்ஸ் எழுத வேண்டும்' என்பதில்தான் நிற்கின்றன. கியூடைலுக்கு பைத்தான், ஆசமுக்கு லுவா, எக்ஸ்மோனாடுக்கு ஹாஸ்கெல். டி.டபிள்யூ.எம்-மில் சி மொழிக் கோப்பையே திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஐ3, ஸ்வே இரண்டுக்கும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பு போதும்.

ஆனால் நமக்கு அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. தமிழ் ஒழுங்காகத் தெரியுமா?

கொம்பு இடம் மாறினால்...

'கெ' என்று எழுதும்போது நாம் கொம்பை முதலில் போடுகிறோம், பிறகு 'க'. கணினியோ 'க'-வை முதலில் சேமித்து, கொம்பை அதன்பின் வைக்கிறது. திரையில் காட்டும்போது இடம் மாற்றிக் காட்டுவது எழுத்துகளை வடிவமைக்கும் மென்பொருளின் வேலை. லினக்ஸில் இதைப் பெரும்பாலும் 'பாங்கோ', 'ஹார்ஃப்பஸ்' என்ற இரண்டு நூலகங்கள் கவனித்துக்கொள்கின்றன.

ஐ3, ஸ்வே, ஆசம், கியூடைல் ஆகியவை பாங்கோவைப் பயன்படுத்துகின்றன. அதனால் ஜன்னல் தலைப்பில் 'செங்கல்பட்டு' என்று வந்தால் 'செங்கல்பட்டு' என்றே தெரியும். டி.டபிள்யூ.எம் அப்படியில்லை. இரண்டாயிரம் வரிக்குள் முழு நிரலும் அடங்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் எழுதப்பட்டது அது. எழுத்து வடிவமைப்பு அதில் இல்லை. தனி பேட்ச் போடாவிட்டால் 'செ'-யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நிரலின் அழகுக்காக அதைப் புகழ்பவர்கள் நிறைய. தமிழ் படிக்கிற கண்ணுக்கு அது உறுத்தும்.

டைலிங் பயனர்கள் அதிக நேரம் இருப்பது டெர்மினலில். அங்கேயும் இதே சிக்கல். வேகத்துக்குப் பெயர்போன அலக்ரிட்டியில் இந்த வடிவமைப்பு இல்லை. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் கான்சோல் போன்ற வேறு டெர்மினல்களில் தங்கள் கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

டைப் செய்வதில் ஒரு பொறி

தமிழ்99 முறையில் அடிக்க ஐபஸ் அல்லது எஃப்சிட்எக்ஸ்-5 என்ற உள்ளீட்டு மென்பொருள் வேண்டும். க்னோமில் அது தானாக ஓடும். டைலிங் மேனேஜரில் பல நேரம் நாமே செட்டிங்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதி ஓடவைக்க வேண்டும்.

ஓடவைத்த பிறகும் தமிழுக்கு மாறவில்லையா? ஐபஸில் மொழி மாற்ற சூப்பர் கீயும் (விண்டோஸ் படம் போட்ட பட்டன்) ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்த வேண்டும். ஐ3-யில் அதே ஜோடி வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண ஜன்னலுக்கும் மிதக்கும் ஜன்னலுக்கும் இடையே தாவ அதுதான் வழி. இரண்டும் மோதும்போது பெரும்பாலும் ஐ3-தான் ஜெயிக்கும். இரண்டில் ஒன்றை மாற்றினால் தீர்ந்தது. இது தெரியாமல் 'லினக்ஸில் தமிழ் வராது' என்று மூடிவைத்துவிடக் கூடாது.

ஐ3-க்கும் ஸ்வேக்கும் என்ன வித்தியாசம்?

ஐ3 ஜெர்மனியைச் சேர்ந்த மைக்கேல் ஸ்டாப்பல்பெர்க் 2009-ல் தொடங்கியது. 'எக்ஸ்11' என்ற பழைய திரை அமைப்பில் ஓடும். ஸ்வே அதன் தம்பி மாதிரி. 2019 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தது. ஐ3 செட்டிங்ஸை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொள்ளும், ஆனால் 'வேலேண்ட்' என்ற புதிய அமைப்பில் ஓடும்.

இது ஏன் முக்கியம்? எக்ஸ்11-ஐ ஒவ்வொருவராகக் கைவிடுகிறார்கள். 2025-ல் வந்த ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10-ல் அதன் சர்வரே நீக்கப்பட்டது. க்னோம் 49-ல் எக்ஸ்11 இயல்பாகவே அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. ஐ3 நாளைக்கே நின்றுவிடாது, ஆனால் காற்று வேறு பக்கம் அடிக்கிறது.

அதனால் நம்ம சிபாரிசு இதுதான். அலமாரியிலிருந்து இறக்கிய பழைய லேப்டாப்புக்கு ஐ3. எக்ஸ்11-ல் ஐபஸ் பழகிய வண்டி, தமிழ் டைப்பிங்கில் குறைவாகவே முரண்டு பிடிக்கும். 8 ஜிபி ரேம் உள்ள புது மெஷின் என்றால் ஸ்வே, கூடவே எஃப்சிட்எக்ஸ்-5. என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருந்தால் யோசியுங்கள், அந்நிறுவனத்தின் சொந்த டிரைவரை ஸ்வே அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை. ரீல்ஸில் வழுக்கிக்கொண்டு வருகிற ஹைப்பர்லேண்ட் பார்க்க ஜோர். ஆனால் அடிக்கடி மாறும், செட்டிங்ஸைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். செமஸ்டர் ப்ராஜெக்ட் நேரத்தில் அது வேண்டாம்.

இவ்வளவும் தலைவலி என்று தோன்றினால், கேடிஇ பிளாஸ்மா 5.27-லிருந்து சூப்பர் கீயோடு 'டி' அழுத்தினாலே திரையைக் கட்டங்களாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. பாதிப் பேருக்கு அதுவே போதும்.

எப்படித் தொடங்குவது?

இருக்கும் டெஸ்க்டாப்பை அழிக்க வேண்டாம். டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் ஐ3-யை மற்ற மென்பொருள் போலவே இன்ஸ்டால் செய்யலாம். லாகின் திரையில் எதில் நுழைவது என்று கேட்கும் இடத்தில் ஐ3-யைத் தேர்ந்தெடுங்கள். பிடிக்கவில்லை என்றால் வெளியே வந்து பழையதில் நுழையலாம்.

உள்ளே போனதும் காலித் திரைதான் இருக்கும், பயப்பட வேண்டாம். சூப்பர் கீயோடு என்டர் அழுத்தினால் டெர்மினல். 'டி' அழுத்தினால் மென்பொருள் தேடல். ஷிஃப்டும் 'க்யூ'வும் சேர்த்தால் ஜன்னல் மூடும். ஷிஃப்டும் 'இ'-யும் சேர்த்தால் வெளியேறலாம். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் இருக்கிறார்கள். செங்கல்பட்டு 2019 நவம்பர் 29-ல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் இந்தப் பகுதி லினக்ஸ் ஆர்வலர்கள் இன்னும் பழைய மாவட்டத்தின் பெயரிலேயே 'காஞ்சி லினக்ஸ் பயனர் குழு'வாகக் கூடுகிறார்கள். அவர்களின் இணையவழிக் கூட்டங்களில் தமிழிலேயே கேட்கலாம். கேட்கப் போகும்போது லேப்டாப் மாடல், ரேம் அளவு, எக்ஸ்11-ஆ வேலேண்டா என்ற மூன்றையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.