ஆய்வுச் சுருக்கம்: ஒரு பக்கம், நான்கு படிகள்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இறுதியாண்டு ஆய்வேட்டுக்குச் சுருக்கம் எழுதியபோதுதான் இதன் பொருள் எனக்கு நன்றாக விளங்கியது. ஆய்வேடு 60 பக்கம். சுருக்கம் ஒரே பக்கம். ஆனால் அந்த ஒரு பக்கத்தை நான்கு முறை எழுத வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு இதே வேலையில் இறங்கப்போகும் தம்பி தங்கையருக்குப் பயன்படட்டும் என்று என் அனுபவத்தை இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், ஆய்வுச் சுருக்கம் என்றால் என்ன? நம்மில் பலர் அதை முன்னுரை என்று நினைத்துவிடுகிறோம். முன்னுரை வாசகரை ஆய்வுக்குள் அழைத்துச் செல்லும். சுருக்கமோ ஆய்வு முழுவதையும் சிறிய அளவில் காட்டும். ஏன் செய்தோம், எப்படிச் செய்தோம், என்ன கண்டோம், அதனால் என்ன தெரிகிறது ஆகிய நான்கு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். ஆய்விதழ்கள் பெரும்பாலும் 150 முதல் 300 சொற்களுக்குள் எழுதச் சொல்கின்றன. 1987-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், சுருக்கத்தை நோக்கம், முறை, முடிவு எனத் தலைப்பிட்டுப் பிரித்து எழுதும் முறை முன்மொழியப்பட்டது. நேரமில்லாத மருத்துவரும் வேண்டிய செய்தியை உடனே கண்டெடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

என் ஆய்வு மிக எளிமையானது. வாழைப்பழத் தோலைக் காயவைத்துப் பொடியாக்கி, மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை நீரிலிருந்து நீக்கிப் பார்த்தேன். ஆனால், என் முதல் படியில் பாதி இடத்தைப் பாத்தேக் தொழில் பிடித்துக்கொண்டது. கிளந்தான், திரங்கானு பட்டறைகளின் கழிவுநீரை இனி எளிதில் தூய்மையாக்கலாம் என்று பெருமையாக முடித்திருந்தேன்.

மேற்பார்வையாளர் சிவப்பு மையால் இரண்டே கேள்விகள் எழுதித் தந்தார். "எவ்வளவு சாயம் நீங்கியது?" "நீங்கள் சோதித்தது பாத்தேக் சாயத்தையா?"

இரண்டாவது கேள்வி என்னைச் சுட்டது. மெத்திலீன் நீலம் நீரில் நேர் மின்னேற்றம் கொண்டது. தோல் பொடியின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருப்பதால் சாயம் அதில் ஒட்டிக்கொள்கிறது. பாத்தேக்கில் பெரிதும் பயன்படும் வினைச்சாயங்களோ எதிர் மின்னேற்றம் கொண்டவை. என் பொடி அவற்றை நீக்குமா என்று நான் சோதிக்கவே இல்லை. செய்யாத ஆய்வுக்கு முடிவு எழுதியிருக்கிறேன்! உண்மையைச் சொன்னால், முதலில் கோபம்தான் வந்தது. பாத்தேக்கை எடுத்துவிட்டால் என் ஆய்வு சிறியதாகத் தெரியுமே என்ற பயமும் இருந்தது.

இரண்டாம் படியை எண்களால் நிரப்பினேன். கணக்கியல் படிக்கும் என் மலாய்த் தோழி அதைப் படித்துவிட்டு, "எல்லாம் இருக்கிறது. கடைசியில் இது வேலை செய்ததா, இல்லையா?" என்று கேட்டாள். துறை தெரியாதவர் கேட்கும் கேள்விதான் சில வேளைகளில் நமக்கு மிகவும் தேவைப்படுகிறது. மூன்றாம் படியில் முடிவைத் தெளிவாக எழுதினேன். வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

அன்றிரவு அம்மா தொலைபேசியில், "அப்படி என்னம்மா எழுதிக்கிட்டே இருக்க?" என்றார்.

"வாழப்பழத் தோலப் பொடி பண்ணிச் சாயத் தண்ணியில போட்டா, சாயம் அதுல ஒட்டிக்கும்மா. ஆனா சாயம் அதிகமாயிட்டா, பொடியில இடம் இல்லாம மிச்சம் தண்ணியிலேயே நின்னுடும்."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். அந்த "ஆனா" என் சுருக்கத்தில் இல்லவே இல்லை. செறிவு கூடியதும் நீக்கம் குறைந்ததை, ஆய்வேட்டின் உள்ளே ஓர் அட்டவணையில் மட்டும் வைத்திருந்தேன். தமிழ்ப்பள்ளியில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், இங்கு ஆங்கிலம் என்று வந்த எனக்கு, ஆங்கிலம்தான் குறை என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். ஆனால் சிவப்பு மை பட்ட இடங்களில் இலக்கணப் பிழை குறைவு. நான் மறைத்ததும் மிகுத்ததுமே அதிகம்.

பவணந்தி முனிவரின் நன்னூல், ஒரு நூலில் இருக்கக்கூடாத பத்துக் குற்றங்களைக் கூறுகிறது. அவற்றுள் மூன்று என் முதல் படியிலேயே இருந்தன. அளவைச் சொல்லாமல் விட்டது குன்றக் கூறல். நோக்கத்தை இருமுறை எழுதியது கூறியது கூறல். பாத்தேக் கதை மற்றொன்று விரித்தல்.

நண்பர்களே, ஆய்வேட்டை முடித்தபின் நான்கு கேள்விகளுக்கும் முதலில் ஒவ்வொரு வாக்கியத்தில் விடை எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆய்வேட்டில் எந்தப் பக்கம் சான்று என்று குறித்துப் பாருங்கள். பக்கம் கிடைக்காத வாக்கியத்தை நீக்குங்கள். துறை தெரிந்த ஒருவரிடமும் தெரியாத ஒருவரிடமும் கொடுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "நான் என்ன கண்டேன், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில்தான் திருத்தம் தேவை.

என் நான்காம் படியிலும் பாத்தேக் என்ற சொல் உண்டு, ஒரே ஓர் இடத்தில்: அதன் சாயங்களை இனிமேல்தான் சோதிக்க வேண்டும் என்ற கடைசி வாக்கியத்தில். மேற்பார்வையாளர் அதன் அருகே சிவப்பு மையால் ஒரு சரி குறியிட்டிருந்தார்.