சாயமும் எண்ணெயும் சொல்லும் அணுக்கணக்கு

ஆரணிப் பட்டுக்குப் போடுற சாயத்துல ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, பத்து மடங்கு, நூறு மடங்குன்னு நீர்க்க வையுங்க. நிறம் வெளிறும், ஆனா சட்டுனு மறையாது. துகள் இருந்தா ரொம்பச் சிறுசு! ஆனா துகளே இல்லாம, சாயம் முடிவில்லாம பிரியுதுன்னும் வாதாடலாமே?

பதில் எண்ணெயில் இருக்கு. பெஞ்சமின் பிராங்ளின் 1773-ல் எழுதினார்: லண்டன் கிளாப்பம் குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் சுமார் அரை ஏக்கர் பரவியது. 5 மி.லி.யை 2,000 சதுர மீட்டரால் வகுத்தா 2.5 நானோமீட்டர். பட்டு இழைத் தடிமனில் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு!

லேப்ல ஒலியிக் அமிலத்தை ஆல்கஹாலில் நீர்க்க வைத்து, பவுடர் தூவிய தண்ணீர்த் தட்டில் ஒரு சொட்டு விடுங்க. இடம் இருந்தும் படலம் நின்னுடும். ரெண்டு சொட்டுன்னா பரப்பு ரெண்டு மடங்கு, தடிமன் அதேதான். முடிவில்லாம பிரியுற பொருள் ஏன் நிக்கணும்? அணுக்கள் கோத்த ஒரு மூலக்கூறின் உயரத்துக்குக் கீழே மெலிய அதுக்கு வழியில்லை.