பூவாத ஹைடிராஞ்சியா

உதகை, கொடைக்கானல், டார்ஜிலிங் முதலிய மலையூர்களில் வீட்டு முற்றத்தை அணிசெய்யும் ஹைடிராஞ்சியாவை நம்மில் பலர் கண்டிருப்போம். பந்து போன்ற பூங்கொத்தும் அகன்ற இலையும் உடைய இவ்வினத்தின் தாயகம் ஜப்பான். இதற்குக் காலை வெயிலும், பிற்பகல் நிழலும், ஈரம் காயாத மண்ணும் வேண்டும். வேரில் நீர் தேங்கலாகாது.

பூவின் நிறத்தை மண்ணே முடிவு செய்கிறது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்கு எட்டுவதால் பூ நீலமாகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது எட்டாது, பூ இளஞ்சிவப்பாகும். வெண்பூ வகைகள் மட்டும் இம்மாற்றத்துக்கு உட்படா.

செடி நன்றாகத் தழைத்தும் பூவாதிருப்பது ஏன்? பல வீடுகளில் குற்றம் கத்தரியினுடையதே. இவ்வினம் பெரும்பாலும் முந்திய ஆண்டின் கிளையிலேயே அடுத்த பருவத்து மொட்டை ஒளித்து வைக்கிறது. குளிர்காலத்தில் அதை ஒட்ட வெட்டுவோர், வரவிருக்கும் மலரையே வெட்டுகின்றனர். பூ வாடியவுடன் கழிப்பதே முறை.

கூம்பு வடிவில் பூக்கும் பேனிகுலேட்டாவும், அமெரிக்க வெண்பூ இனமாகிய ஆர்போரெசென்சும் புதுத் தளிரில் பூப்பவை. அவற்றைக் குளிர்காலக் கடைசியில் தயங்காமல் வெட்டலாம்.

ஆதலின் நண்பர்களே, இனத்தை அறிந்த பின்னரே கத்தரியை எடுங்கள்.