கேஸ் டிடெக்டர்: சத்தம் வராவிட்டால் கசிவு இல்லை என்று பொருளா?

மளிகையோடு பலகாரம், டீ என்று அடுப்பும் வைத்திருக்கும் நம் வணிகர்கள் சிலர், கையில் பிடித்துப் பார்க்கும் கேஸ் டிடெக்டர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் மின் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிற நாம், இந்தக் கருவியைக் கல்லாவுக்குள் போட்டதோடு மறந்துவிடுகிறோம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எங்கள் மண்டியின் பின்கட்டில் ஆட்களுக்குச் சமைக்க 19 கிலோ சிலிண்டர் உண்டு. ஒரு நாள் காலை, லேசாக வாடை அடிக்கிறது என்றார் சமையல்கார அம்மா. நான் கருவியை எடுத்துப் போய், சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றே சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டேன். அந்த அம்மா என்னை நம்பவில்லை. சோப்புத் தண்ணீரை ரெகுலேட்டரைச் சுற்றித் தடவினார். குமிழ் குமிழாகக் கிளம்பிற்று!

பழுது பார்ப்பவரிடம் கேட்ட பிறகே விவரம் புரிந்தது. இவ்வகைக் கருவிகள் பலவும், சுவிட்சைப் போட்டவுடன் சுற்றியுள்ள காற்றைச் சுத்தமான காற்று என்று எடுத்துக்கொண்டு, அதை வைத்தே கணக்குப் பார்க்கும். கசிவு உள்ள இடத்தில் போட்டால் அந்தக் கேஸே அதற்குப் பூஜ்யம் ஆகிவிடும். ஆகவே வெளியே, நல்ல காற்றில் சுவிட்சைப் போட்டு, சென்சார் சூடேறித் தயாராகும் வரை பொறுத்து, அதன் பிறகே உள்ளே கொண்டு போக வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது; தரையோரமாகத் தேங்கும். முகத்துக்கு நேரே நீட்டிப் பார்ப்பதில் பயனில்லை. குனிந்து, மெதுவாக நகர்த்திப் பார்க்கவும்.

காரணமில்லாமல் கத்துகிறதா? அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஊதுபத்தி, வாசனைத் திரவியம், பெயிண்ட், தின்னர் இவற்றின் ஆவியும் சென்சாரை ஏமாற்றும். மளிகைக் கடையில் இவை இல்லாத மூலை ஏது? மூடியுள்ள டப்பாவில் தனியே வையுங்கள். அடியோடு கத்தாமல் போனால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். உபயோகிக்காத நாளில் பேட்டரியைக் கழற்றி வைப்பது நல்லது. உள்ளேயே ஒழுகினால் தகடு அரித்துவிடும். முனையில் மாவுத்தூசி அடைத்திருந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடலாம், ஈரத்துணி கூடாது. சிலிகான் கலந்த ஸ்பிரேயை அருகில் அடிக்கவே வேண்டாம், சென்சார் கெட்டுப்போகும்.

சிகரெட் லைட்டரின் கேஸை நேராகப் பீய்ச்சிச் சோதிப்பவர்களும் உண்டு. அளவுக்கு மிஞ்சிய கேஸ் பட்டால் சில சென்சார்கள் மந்தமாகிவிடும். விற்றவரிடமே அளவான சோதனை வாயு கொண்டு பார்த்துத் தரச் சொல்லுங்கள். சென்சாருக்கும் ஆயுள் உண்டு. மாற்ற வேண்டிய காலத்தை வாங்கும்போதே கேட்டு, ரசீதின் பின்னால் குறித்து வையுங்கள்.

வாடை பலமாக இருந்தால் கருவியைத் தேடி ஓட வேண்டாம். விளக்கு, விசிறி எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கைக்கு எட்டினால் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். பிறகு வெளியே நின்று 1906 என்ற அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.